பயறும் கீரையும் வேகும் வரிசை

தட்டைப்பயற்றையும் தண்டுக்கீரையையும் ஒரே பாத்திரத்தில் இட்டு, அளவான நீர் விட்டு, மூடிச் சிறு தீயில் நிதானமாக வேகவைத்து இறக்கும் கூட்டுக்குக் கலியாணப் பந்தியிலே இடம் கிடைப்பதில்லை. ஹோட்டல்களின் விலைப்பட்டியலிலும் அதைக் காண்பது அரிது. ஆயினும், கறிகாய் விலை ஏறிய நாட்களில் மட்டுமல்லாமல் மலிந்த நாட்களிலும், சாதாரணக் குடும்பங்களின் பசியையும் தேக பலத்தையும் ஒருசேரக் கவனித்து வந்த பதார்த்தங்களில் அதற்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு. அதைச் செய்வதற்கு அபூர்வமான சாமான் ஒன்றும் வேண்டியதில்லை. கைதேர்ந்த சமையற்காரரின் லாகவமும் வேண்டியதில்லை. எதை முன்னே இடுவது, எதைப் பின்னே இடுவது என்கிற வரிசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். உப்பு, நீர், தீ, கீரை, புளிப்பு ஆகிய ஐந்தும் தத்தம் முறையில் வந்து சேருமானால் புதிதாக அடுப்படிக்கு வந்தவர் கையிலும் அது ருசிக்கும். முறை பிறழ்ந்தாலோ, எத்தனை நெய் விட்டுத் தாளித்தாலும் பயறு பயறாகவும் கீரை கீரையாகவும் தனித்தே நிற்கும்.

சென்னைப் பக்கத்தில் காராமணி என்றும், கொங்கு நாட்டிலும் தென்பாண்டிச் சீமையிலும் தட்டைப்பயறு, தட்டாம்பயறு என்றும், இலங்கையில் கௌபி என்றும் வழங்கும் இந்தத் தானியம் நம் மண்ணுக்கு மிகப் பழமையான விருந்தாளி. அதன் ஜன்மபூமி ஆப்பிரிக்கா. அங்கே மனிதர் பயிரிடத் தொடங்கியபின், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை வந்தடைந்து, மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் சுமங்கலிகள் காரடையான் நோன்புக்குத் தட்டும் அடையிலே புகுந்துவிடும் அளவுக்கு அது நம்மோடு ஒன்றிப் போயிற்று. மழை பொய்த்த வருஷத்திலும், மணல் கலந்த மெலிந்த நிலத்திலும், வேறு பயிர் வாடி நிற்கும் வெயிலிலும் அது காய்க்கும். அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. ஹெர்மன் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி பயறினப் பயிர்களின் இந்த இரகசியத்தை 1886-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். சோளத்துக்கும் கம்புக்கும் ஊடே பயற்றை விதைத்துவந்த நம் குடியானவர்கள், காரணம் இன்னதென்று சொல்லாவிட்டாலும் பலனை நன்கு அறிந்திருந்தார்கள். நைஜீரியாவின் இபாடான் நகரில் 1967-இல் நிறுவப்பட்ட வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த ஒரு பயற்றில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட விதை வகைகளைச் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. உலகம் இதை எத்துணை மதிக்கிறது என்பதற்கு அந்த ஒரு செய்தியே போதும்.

நால்வர் உண்பதற்கு 200 கிராம் பயறும், முற்றாத தண்டோடு கூடிய ஒரு கட்டுக் கீரையும் போதுமானவை. இவற்றோடு தோலுரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஐந்தாறு பல், வரமிளகாய் மூன்று, சீரகம், கடுகு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கால் மூடித் தேங்காய், ஓர் எலுமிச்சம்பழம். சாமான் ஜாபிதா இவ்வளவே.

இவற்றுள் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டியது பயறு. அது காய்ந்த தானியந்தானே, எப்போது வாங்கினால் என்ன என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தினாலேயே பாதிக் கூட்டுகள் கெடுகின்றன. வெப்பமும் ஈரக்கசிவும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயற்றின் உள்ளமைப்பு மெல்ல மாறி, எத்தனை நேரம் கொதித்தாலும் குழையாத ஒரு பிடிவாதம் அதற்கு வந்துவிடுகிறது. நம் ஊர்க் கோடைக்காலமும் அடைமழைக் காலமும் இந்த மாறுதலுக்கு மிகவும் அனுகூலமானவை. புதுப் பயறு உள்ளங்கையில் கனமாக இருக்கும். தோலில் இலேசான பளபளப்பும், கண்ணைச் சுற்றித் தெளிவான வளையமும் தெரியும். பழையது நிறம் மங்கி, தோலில் நுண்ணிய விரிசலோடு, கையில் அள்ளும்போதே தூசி படியும். வண்டு துளைத்த பயறு கலந்திருக்கிறதா என்பதை அறியத் தண்ணீரில் இட்டால் போதும். துளைபட்டவற்றில் பெரும்பாலானவை மிதந்து மேலே வந்துவிடும்.

முதல் நாள் இரவே பயற்றைக் கழுவி, அது மூழ்கி மேலும் நான்கு விரற்கடை நிற்கும்படி நீர் விட்டு ஊறப்போட வேண்டும். அந்த நீரிலேயே ஒரு தேக்கரண்டி உப்பையும் கரைத்துவிடலாம் என்று சொன்னால், ‘உப்புப் போட்டால் பயறு வேகாதே!’ என்று பெரியவர்கள் பதறுவார்கள். பரம்பரையாக வந்த அபிப்பிராயங்களில் பெரும்பாலானவற்றை நான் மிகுந்த மரியாதையோடு கேட்பவன். இந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. பயற்றின் தோலையும் அதன் உயிரணுக்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அந்தப் பசையைக் கால்சியமும் மக்னீசியமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஊறும் நீரில் சமையலுப்பு இருந்தால், அதிலுள்ள சோடியம் மெல்ல உட்புகுந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, பசை இளகுகிறது. தோல் வெடித்துச் சிதறாமல் மெத்தென்று வேகிறது. ஆகவே உப்பு முன்னே வரலாம். பயற்றுக்கு உண்மையான பகை புளிப்பும் கடின நீருமே. உப்பின் மேல் சுமத்தப்பட்ட பழி இவ்விரண்டுக்கும் உரியது.

‘இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது’ என்று கிராமத்துப் பெண்கள் ஒரு கிணற்றை ஒதுக்கி வைத்து, அரை மைல் நடந்து வேறு கிணற்றில் நீர் மொண்டு வந்ததை இக்காலத்தார் வெறும் வழக்கமென்று நினைக்கக்கூடும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த அந்த நீர், நான் மேலே சொன்ன பசையை இளகவிடாமல் மேலும் மேலும் இறுக்குகிறது என்பதே அதன் காரணம். ஆழ்குழாய்க் கிணற்று நீரையே நம்பியிருக்கும் வீடுகளில், ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்குமாவது குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரைப் பயன்படுத்துவது உத்தமம். சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைப் போட்டுச் சிரமத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். பயறு சீக்கிரம் வெந்துவிடுவது மெய்தான். ஆனால் தயாமின் என்ற ஜீவசத்து அதனால் நசிந்து போகிறது, கூட்டிலும் சோப்பு வாடை போன்ற ஒரு வேற்று ருசி தட்டுகிறது. எட்டு மணி நேரம் ஊறுவதற்குப் பொறுத்திருப்பவருக்குச் சோடாவின் தயவு தேவையில்லை.

காலையில் பார்த்தால், முதலில் சுருங்கிச் சுருங்கி மடிப்பு விழுந்த தோல் முழுவதும் விரிந்து, பயறு ஏறக்குறைய இரு மடங்காகப் பருத்திருக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உட்பரப்பு முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் ஊறியது போதும். நடுவில் மாவு போல் வெண்மையாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிடுவதே நல்லது. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. பயறு சாப்பிட்டால் வயிறு உப்புசம் காண்கிறது என்று அஞ்சி அதை அடியோடு ஒதுக்கியவர்கள், இவ்வாறு நீர் மாற்றிச் சமைத்து, முதலில் சிறிய அளவில் உண்டு பழகுவார்களானால் அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இனி அடுப்பு. அடிகனமான பாத்திரமோ, பழகிய மண்சட்டியோ இருந்தால் விசேஷம். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாகவே போட்டு, வெங்காயத்தின் ஓரம் பொன்னிறமாகும் வரையில் வதக்க வேண்டும். பயற்றை வடித்து அதில் கொட்டி, எண்ணெயும் தாளிதமும் எல்லாப் பயற்றிலும் படும்படி இரண்டு நிமிஷம் புரட்டியபின், மஞ்சள்தூளைத் தூவி, பயற்றுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும் அளவுக்கு மட்டும் நீர் விடலாம். நிறைய நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டும் முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இதிலே வடிப்பதற்கு ஒன்றுமில்லை. பயறு விட்ட சாரமும், பூண்டு விட்ட மணமும், எண்ணெயின் ருசியும் அந்தக் கொஞ்ச நீரிலேயே தங்கி, கடைசியில் அதுவே குழம்பாகத் திரண்டு பயற்றைப் போர்த்துகிறது.

ஒரு கொதி நன்றாக வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிட வேண்டும். எவ்வளவு குறைப்பது என்று கேட்டால், மூடியைத் திறந்து பார்க்கும்போது நீரின் மேற்பரப்பு தளதளவென்று குதிக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி எழுந்து அடங்க வேண்டும் என்று சொல்வேன். பெருந்தீயில் பயறு ஒன்றோடொன்று மோதித் தோல் உரிந்து, வெளியே குழைந்தும் உள்ளே நறுக்கென்றும் நிற்கும். சிறு தீயில் வெப்பம் உள்வரைக்கும் சமமாகச் சென்று சேரும். புதுப் பயறாக இருந்தால் முப்பத்தைந்து நிமிஷத்திலும், சற்றுப் பழையதாக இருந்தால் ஒரு மணி நேரத்திலும் பதம் வரும். இடையே நீர் குறைந்தால் கொதிநீரையே சேர்க்க வேண்டும்; பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, வேகும் வேகம் தடைப்படும். பதம் பார்ப்பதற்கு ஒரு பயற்றை மட்டும் எடுத்து நசுக்குவது போதாது. சட்டியின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் நாலைந்து பயற்றை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால், அவை எல்லாமே எதிர்ப்பில்லாமல் நசுங்கி, வெண்ணெய் தடவியது போல் விரலில் படிய வேண்டும். ஒன்றேனும் முரண்டு பிடிக்குமானால் கீரைக்கு இன்னும் முறை வரவில்லை.

பிரஷர் குக்கரை நான் வெறுப்பவன் அல்லன். அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில் இரண்டு மூன்று விசிலில் பயற்றை வேகவைத்து எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் திறந்த பாத்திரத்தில் நிதானமாகச் செய்து முடிப்பதில் குற்றமில்லை. கீரையையும் பயற்றோடு சேர்த்து உள்ளே திணித்து மூடுவதைத்தான் என் மனம் ஏற்கவில்லை.

பயறு வெந்ததும், ஒரு கரண்டிப் பயற்றைச் சட்டியின் ஓரத்துக்கு ஒதுக்கி, கரண்டியின் முதுகால் மசித்து மறுபடியும் கலந்துவிட வேண்டும். மசிந்த பயற்றின் மாவுச்சத்து நீரிலே கரைந்து, மெலிந்திருந்த சாறு சட்டென்று தடித்துப் பளபளக்கும். கடலைமாவோ அரிசிமாவோ கரைத்து விடுவது இதற்கு ஈடாகாது.

தண்டுக்கீரையைப் பொறுத்தவரையில், தண்டும் இலையும் ஒரே செடியில் பிறந்தவை ஆயினும் வேகும் காலத்தில் வெவ்வேறு ஜாதி. வேரை நீக்கி, இரண்டு மூன்று முறை நிறைய நீரில் அலசி, மணல் அடியில் தங்கியபின் கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தோடு கவிழ்த்தால் மணலும் கூடவே வந்துவிடும். அலசுவதற்கு முன்பே நறுக்கினால் சத்து நீரில் கரைந்து வீணாகும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். தண்டின் நாரை உரித்து விரல் நீளத்துண்டுகளாக்கி, முதலில் அவற்றைப் பயற்றில் இட்டு ஏழெட்டு நிமிஷம் மூடி வேகவைக்கலாம். அவை கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும் சமயத்தில்தான் இலைகள் உள்ளே போக வேண்டும். அதன்பிறகு மூடி கூடாது. பச்சை நிறத்தைத் தரும் குளோரோபில் என்ற பொருளின் நடுவிலே ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. கீரை வேகும்போது அதிலிருந்தே வெளிப்படும் அமிலங்கள் அந்த மக்னீசியத்தை வெளியேற்றிவிட்டால் பச்சை மாறி மங்கலான பழுப்பாகிவிடும். மூடி இல்லையென்றால் அந்த அமிலங்களில் ஆவியாகக் கூடியவை ஆவியோடு பறந்து போகும். கீரையும் நிறம் மாறாமல் நான்கு ஐந்து நிமிஷத்தில் வதங்கி அடங்கும். முதலில் குன்று போல் எழுந்து நின்ற கீரை பயற்றின் மட்டத்துக்குத் தாழ்ந்து, காம்பு மட்டும் கடிபடும் நிலையில் இருக்கும்போதே தீயை அணைத்துவிடலாம். சட்டியின் சூடு மிச்ச வேலையைச் செய்யும்.

தேங்காயையும் சிறிது சீரகத்தையும் ஒன்றிரண்டாக அரைத்து, இலை வதங்கும்போதே கலப்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். அரைத்த விழுது கொதித்துத் திரிந்து போகாமல் ஒரு சூடு ஏறியதும் இறங்கிவிட வேண்டும். தேங்காய் இல்லாமலே செய்து, கடைசியில் பச்சை நல்லெண்ணெய் ஒரு கரண்டி விடுபவர்களும் உண்டு. எனக்கு அந்த முறையிலேதான் பயற்றின் ருசி துலக்கமாகத் தெரிகிறது.

புளிப்பு கடைசி. முன்பே சொன்ன அந்தப் பசையை அமிலமும் கரையவிடுவதில்லை; ஆகையால் வேகாத பயற்றில் புளியோ தக்காளியோ சேர்ந்துவிட்டால், பிறகு எரிக்கிற விறகெல்லாம் நஷ்டம். அதே அமிலம் கீரையின் பச்சையையும் கெடுக்கும். ஆதலால் சட்டியைக் கீழே இறக்கி வைத்தபின், பரிமாறுவதற்குச் சற்று முன்பாக, அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கலப்பதே சரியான முறை. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸ் தீவின் மக்கள் இதே காராமணியை ஒரு கீரையோடு வேகவைத்து, இலையில் நாம் பரிமாறுவது போலத் தட்டில் இட்டபின், ஒலிவ எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு உண்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் நெடுங்கடல் இடையே கிடந்தும், புளிப்புக்கு இருவரும் ஒரே இடத்தைக் கொடுத்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷத்தைத் தருகிறது. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த இந்தப் பயறு, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இன்றும் புத்தாண்டு தினத்தன்று காலர்டு என்னும் கீரையோடு சேர்ந்தே விருந்தாகிறது. துயரமான பிரயாணத்திலும் அந்த மக்கள் பயற்றைக் கைவிடவில்லை என்பது நினைத்து வணங்கத்தக்க செய்தி.

எலுமிச்சைக்கு ருசியைக் காட்டிலும் பெரிய பிரயோஜனம் ஒன்று உண்டு. பயற்றிலும் கீரையிலும் இரும்புச்சத்து இருந்தாலும், அது மாமிசத்திலுள்ள இரும்பைப் போல உடம்பில் எளிதாகச் சேருவதில்லை. தாவர உணவில் உள்ள பைட்டிக் அமிலம் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் ‘சி’ அந்தப் பிடியை வென்று இரும்பை உடம்பில் சேர்க்க உதவுகிறது. அந்த வைட்டமினோ நெருப்பைத் தாங்காதது. இறக்கியபின் பிழிவது என்ற ஒரே விதி, பயறு வேகவும், கீரை நிறம் காக்கவும், இரத்தத்துக்கு இரும்பு சேரவும் ஒருங்கே துணைபுரிகிறது. சாப்பிட்ட கையோடு டீயோ காப்பியோ குடிக்கும் பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் நல்லது. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பு சேருவதைத் தடுக்கின்றன. இரத்தசோகையால் நம் பெண்களும் குழந்தைகளும் படும் துன்பத்தை அறிந்தவர்கள் இதை அற்ப விஷயமென்று தள்ளமாட்டார்கள்.

காய்ந்த தட்டைப்பயறு 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியிலும் கம்பிலும் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பயற்றில் நிறைய உண்டு. பயற்றில் குறைந்துள்ள மெதியோனினைத் தானியங்கள் ஈடுசெய்கின்றன. ஆகவே இந்தக் கூட்டைச் சோற்றோடோ, கம்பங்களியோடோ, ராகி ரொட்டியோடோ உண்பது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் ஏற்பாடு. கீரையிலுள்ள கரோட்டின் கொழுப்பின் துணையின்றி உடம்பில் சேராதாகையால், எண்ணெயை அறவே நீக்கிச் செய்வது சிக்கனமும் அல்ல, ஆரோக்கியமும் அல்ல. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும், தண்டுக்கீரை இனத்தில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகமாகையால், வைத்தியரைக் கலந்துகொண்டு கீரையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

தண்டுக்கீரை கிடைக்காத நாளில் அரைக்கீரையோ சிறுகீரையோ ஆகும். முருங்கைக்கீரையானால் காம்பை முற்றிலும் நீக்கி, இலையை மட்டும் உதிர்த்து இட வேண்டும். அதன் இலேசான கசப்பும் பயற்றின் தித்திப்பும் சேரும் ருசி மற்ற எல்லாக் கீரைகளையும் விட உயர்ந்தது என்பது என் தீர்மானம். பசலையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் வழவழப்பு சாற்றோடு கலந்து கூட்டின் தன்மையையே மாற்றிவிடுகிறது. தட்டைப்பயற்றுக்குப் பதிலாக மொச்சையும் நன்றாகவே இருக்கும். ராஜ்மாவைப் பயன்படுத்த விரும்புவோர் ஒன்றைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும்: பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, அரைவேக்காடாக உண்டால் கடும் வாந்தியும் பேதியும் காணும். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் முதல் பத்து நிமிஷமாவது தளதளவென்று பெருந்தீயில் கொதிக்கவைத்த பின்னரே தீயைக் குறைக்கலாம். தட்டைப்பயற்றுக்குச் சொன்ன சிறு தீயை ஆரம்பத்திலேயே அதற்குக் காட்டுவது ஆபத்து.

இந்தக் கூட்டை அன்றன்றைக்கு வேண்டிய அளவில் செய்துகொள்வதே விவேகம். பயற்றை மட்டும் கூடுதலாக வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்களுக்குக் கெடாது. கீரையை அந்தந்த வேளையில் சேர்த்துக்கொள்ளலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் குறைந்த நாளில் விளையும் தட்டைப்பயறு ரகங்களைக் குடியானவர்களுக்குத் தந்திருக்கிறது. மானாவாரி நிலத்தில் அதை விதைக்க இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். வாங்குகிற நாம்தான் பளபளக்கும் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருக்கும் பயறு எந்த வருஷத்தது என்று விசாரிக்காமல் திரும்பி வருகிறோம். அடுத்த முறை மளிகைக் கடைக்குப் போகும்போது, ‘இது இந்தப் போகத்துப் பயறுதானா, அண்ணாச்சி?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆம் என்றால் அரைக் கிலோ வாங்கி வந்து, அன்றிரவே ஊறப்போட்டுவிடுங்கள்.